கொலுசு வராத வால்வுகள்

"மொதல்லதா, ரெண்டாவதா?" என்று கேட்டுக்கொண்டே பக்கீர் முகமது லென்ஸை மாற்றிவிடுவார். பதில் சொல்ல அவர் கொடுக்கும் நேரம் ஒரு தும்மலுக்குக்கூடக் காணாது. நாற்காலியில் இருப்பவரின் மூக்கில் கனமான வட்டச் சட்டம் ஒன்று ஏறியிருக்கும். அதில் லென்ஸைச் சொருகுவதும் உருவுவதுமாக அவர் வலது கை ஓயாது. "இன்னொரு தடவ போடுங்க பாய், பாத்துச் சொல்லுதேன்" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "சேலையா எடுக்கீய? கண்ணு சொல்றத வாயி சொல்லணும், அம்புட்டுத்தான். யோசிச்சா பவர் மாறிப்போகும்" என்று கடிந்துகொள்வார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவருடைய கண்ணாடிக்கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். சட்டைப் பையில் ஊசி போன்ற ஒரு திருப்புளியும் ஒரு மஞ்சள் துணியும் எப்போதும் உண்டு. அழுக்குக் கண்ணாடியோடு எவரைப் பார்த்தாலும் அவருக்குப் பொறுக்காது. போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல ரசத்துக்குப் போனார். அந்தப் பெரியவர் பயந்துபோய் பாயசம் வரும்வரை வாயே திறக்கவில்லை.

மகாராஜபுரத்துக் கருத்தப்பாண்டி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் செய்தித்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைக்குச் சண்டைக்கு வந்தார். "எழுத்தச் சின்னதாக்கிட்டான் பாய். மையி மிச்சம் பண்ணுதான். கேஸ் போடலாம்னு இருக்கேன்" என்றார். பக்கீர் அண்ணன் சிரிக்கவில்லை. சட்டத்தை மூக்கில் ஏற்றி, ஒன்றரை பவரில் இரண்டு லென்ஸைச் சொருகினார். ஏட்டையா தலைப்புச் செய்தியில் ஆரம்பித்து, கடைசிப் பக்கத்து அடியில் கிடந்த அச்சகத்தின் முகவரி வரை சத்தமாக வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். "எழுத்து இருந்த எடத்துலதான் இருக்கு ஏட்டையா. நீங்கதான் தள்ளி வந்துட்டீய" என்றார் பக்கீர் அண்ணன். வெள்ளெழுத்து வந்த யாரிடமும் அவர் சொல்வது இதுதான். வாரத்தில் நாலு பேராவது இதைக் கேட்டுத் தலையைக் குனிந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர், ஒரே ஒரு வால்வைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்று வருடமாகத் தவித்தார் என்றால் நம்புவீர்களா? நான் நம்பித்தான் ஆக வேண்டும். அந்தத் தவிப்புக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றியவன் நான்.

பழைய ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனிந்துகொண்டிருக்குமே கண்ணாடிக் குப்பி, அதுதான் வால்வு. அதை வைத்துத் தன் கையாலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்ய வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதிலும் 'சிங்கிள் எண்டட்' என்று ஒரு வகை. இடது பக்க ஸ்பீக்கருக்கு ஒரு அவுட்புட் வால்வு, வலது பக்கத்துக்கு ஒன்று. துணைக்கு ஆள் கிடையாது. முழுப் பாட்டையும் அந்த ஒற்றை வால்வுதான் தூக்கிக்கொண்டு வந்து ஸ்பீக்கரிடம் சேர்க்க வேண்டும். ஆகவே எந்த வால்வு என்பதுதான் மொத்தக் கேள்வியும். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அங்கேதான் நான் மாட்டினேன்.

ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் பிழைப்பு. மில் மோட்டார், கிணற்று மோட்டார், மாமியார் வீட்டு மிக்சி எல்லாம் வரும். மூன்று வருடத்துக்கு முன் கண் பரிசோதிக்கப் போன இடத்தில் என் விரல்களில் இருந்த வார்னிஷ் கறையை அண்ணன் பார்த்துவிட்டார். "ஏலே தவசி, நீ காயில் கட்டுறவனா?" என்றார். என் பெயர் தவசிமுத்து. என் கண்ணில் பவர் எவ்வளவு என்பதை அன்றைக்கு அவர் சொல்ல மறந்தேபோனார்.

முதலில் 6வி6. குட்டையான வால்வு, பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது. அதற்கு ஏற்றபடி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்தேன். இந்த வகைக்கு இரும்புத் தகடுகளின் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். நான் போகாமல் விட்ட ஒரு கல்யாணத்தின் பத்திரிகை உறையை அதற்கு வெட்டி வைத்தேன். பழைய கட்டில் பலகை ஒன்றின் மேல் எல்லாவற்றையும் பரப்பி, பாட்டைப் போட்டார். எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அவர் மனைவி நூர்பானு மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தக் குட்டையே நல்லாத்தானே பாடுது" என்றார்.

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "கொலுசு வரல" என்றார்.

அவருடைய பரீட்சைப் பாட்டு ஒன்று இருக்கிறது. எந்தப் பாட்டு என்று எழுதக்கூடாது என்பது அவர் கட்டளை. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் எல்லாம் சட்டென்று நிற்கும். அந்த இடைவெளியில் யாரோ ஒரு பெண் நடந்து போவதுபோல நாலே நாலு தடவை கொலுசு குலுங்கும். பிறகு பாட்டு தொடரும். சின்ன வயதில் டீக்கடை வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறாராம். அந்த இடம் நெருங்கும்போது அண்ணன் கண்ணை மூடி ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுவார். கொலுசு வந்ததும் அதற்கு ஏற்ப விரலை நாலு தடவை அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விரல் தூக்கியது தூக்கியபடி நிற்கும். சரணம் தொடங்கிப் பாதி போன பிறகு மெதுவாக இறங்கும்.

அன்றைக்கு எனக்குக் கொலுசு நாலு தடவையும் துல்லியமாகக் கேட்டது. "ஒனக்கு வந்துச்சாலே?" என்று கேட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு ஏக்கம். எனக்கு மட்டும் கேட்டது என்று சொல்ல மனசு வரவில்லை.

"எனக்கும் வரலண்ணே" என்றேன்.

அந்த ஒரு பொய்க்கு நான் சுற்றிய செம்புக்கம்பியை நீட்டிப் பிடித்தால் தளவாய்புரம் போய்த் திரும்பலாம். அடுத்து ஈஎல்34 வந்தது. "கெத்தா இருக்கு. ஆனா வாயில துணிய வச்சுக்கிட்டுப் பாடுது" என்று கழித்தார். பிறகு 2ஏ3. அதற்கு நாலே நாலு கால், ரெண்டரை வோல்ட்டு, தனி சாக்கெட், தனி டிரான்ஸ்ஃபார்மர். ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு சம்பந்தி வீடு மாதிரி, ஒரு வீட்டுக்குச் செய்த சீர் அடுத்த வீட்டுக்கு ஆகாது. கடைசியாக 300பி. உயரமும் இடுப்பும் உள்ள வால்வு. அதை அண்ணன் 'முந்நூறு' என்று மரியாதையாகத்தான் சொல்வார். கூரியரில் வந்த அன்றைக்குப் பெட்டியைப் பிரிக்குமுன் கை கழுவினார். பாட்டு போட்டோம். விரல் ஏறியது, நின்றது, இறங்கியது. "முந்நூறே ஏமாத்திட்டுதே. இனி யார நம்புறது?" என்றார்.

வேண்டாம் என்று ஒதுக்கிய டிரான்ஸ்ஃபார்மர்கள் வீடெங்கும் கிடந்தன. ஒன்று வாசல் கதவுக்கு முட்டு. இரண்டு மொட்டை மாடியில், காயப்போட்ட வற்றல் துணி பறக்காமல் இருக்க. வால்வு முடிவானால்தானே சாக்கெட்டுக்கு எத்தனை அகலத்தில் ஓட்டை போடுவது என்று தெரியும்? அதனால் ஆம்ப்ளிஃபயருக்கென்று மடித்து வாங்கிய அலுமினியப் பெட்டி ஓட்டையில்லாமல் பளபளவென்று காத்திருந்தது. மதினி அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

ஒருநாள் நான் கிளம்பும்போது மதினி வாசல்வரை வந்தார். இயல்பிலேயே மெல்லிய குரல் அவருக்கு. "தம்பி, ஒங்க அண்ணனுக்குக் காது போயிக்கிட்டே இருக்கு. ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன். "ரெண்டு தடவ குக்கர் விசிலு கேக்காம சோறு அடிப்பிடிச்சுட்டு, அவிய பக்கத்துலதான் உக்காந்துருந்தாக. நான் ஒண்ணு சொன்னா, சும்மா தலைய ஆட்டுதாக. என்ன சொன்னேன்னு கேட்டா தெரியாது. கத்திச் சொன்னா தெருவுல சண்டன்னு நெனைக்காவ. முப்பத்துமூணு வருசமா பேசுன பேச்சு, இப்ப செவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. காதப் பாருங்கன்னா, வால்வு சரியில்லங்காக."

சொல்லிவிட்டு முந்தானையால் கதவைத் துடைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர்க்காரன் கண்ணுக்கெல்லாம் பவர் சொல்லுகிறவரின் காதுக்கு, மூன்று வருடமாக நான்தான் பொய்யான பவர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அண்ணன் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தார். கடை திறக்க நேரமிருந்தது. "இன்னைக்கு டெஸ்ட்டு நான் எடுக்கேன். நாலு வால்வையும் போடுவோம். பேரு சொல்ல மாட்டோம். நீங்க ஒங்க கஸ்டமருக மாதிரி டக்குனு சொல்லணும்" என்றார் மதினி. கடையிலிருந்து அந்த வட்டச் சட்டத்தை அவர் எப்போது எடுத்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. அதை அண்ணனின் மூக்கில் ஏற்றி, ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணைச் சோதிப்பதற்கு இருக்கும் கறுப்பு மூடியை இரண்டு பக்கமும் சொருகினார். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதான்லே முறை! எனக்கு இது தோணாமப் போச்சே" என்று நாற்காலியில் நிமிர்ந்தார்.

முதலில் குட்டை 6வி6. பாட்டு ஓடியது. விரல் ஏறியது, இறங்கியது. "வரல. அடுத்தது போடு" என்றார். பலகையில் நானூறு வோல்ட் ஓடுகிறது. அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும். பொறுத்தேன். கையை நீட்டியபோது மதினி என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். வேண்டாம் என்று தலையசைத்து, காலி அட்டைப்பெட்டி இரண்டை எடுத்து உரசிச் சத்தம் காட்டும்படி சைகை செய்தார். உரசினேன். பிறகு அதே வால்விலேயே பாட்டைத் திரும்பப் போட்டேன்.

"மொதல்லதா, ரெண்டாவதா?" என்றார் மதினி, அண்ணனின் காதருகே குனிந்து.

"ரெண்டாவது. கொஞ்சம் தெறந்துருக்கு. முந்நூறுதானே?"

"பேரு கேக்காதீய. மூணாவது."

"இதுல அடி கெத்தா இருக்கு. ஈஎல்லு. எங்கிட்டயேவா?"

"நாலாவது."

"இது மூடிருச்சு. சளி பிடிச்ச மாதிரி."

ஒவ்வொரு முறையும் விரல் ஏறி, அந்தரத்தில் நின்று, இறங்கியது. ஒவ்வொரு முறையும் நானும் மதினியும் கொலுசைக் கேட்டோம். எனக்குச் சிரிப்பு முட்டியது. மூன்றாவது முறைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"நாலும் ஒண்ணுதான்" என்றார் மதினி.

அண்ணன் சட்டத்தைக் கழற்றாமலே, அந்தக் கறுப்பு மூடிகளோடு என் பக்கம் திரும்பினார். "ஏலே தவசி?"

"ஆமாண்ணே. குட்டைதான். மாத்தவே இல்ல."

"அப்ப கொலுசு?"

"நாலு தடவயும் வந்துச்சுண்ணே."

"அன்னைக்கி எனக்கும் வரலன்னு சொன்னியேலே?"

பலகையில் முடுக்கியிருந்த திருகை இன்னும் கொஞ்சம் முடுக்கினேன். மதினி கத்தவில்லை. அண்ணனின் வலது காதில் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சத்தம் இருந்த எடத்துலதான் இருக்கு. நீங்கதான் தள்ளி வந்துட்டீய."

அண்ணன் சட்டத்தைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, கறுப்பு மூடி இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வெகு நேரம் துடைத்தார். அவற்றைத் துடைத்து என்ன தெரியப்போகிறது? "கடைக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

நாலு நாள் போன் வரவில்லை. அந்த நாலு நாளும் நான் கட்டிய மோட்டார்களில் ஒன்று தலைகீழாகச் சுற்றியது. ஐந்தாம் நாள் அழைத்தார். "தவசி, ராஜபாளையத்துல காது பாக்குற எடம் எங்கருக்கு? ஒரு கஸ்டமரு கேட்டாரு."

"எந்தக் கஸ்டமருண்ணே?"

"நீ பொறவு வா, சொல்லுதேன்."

அந்தக் கஸ்டமரோடு நான் போனேன். காது சோதிக்கிற பெண் கார்த்திகாவுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அண்ணனைக் கண்ணாடிக் கதவு வைத்த சிறு அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். அண்ணன் பழக்கதோஷத்தில் கண்ணை மூடி விரலையும் தூக்கிக்கொண்டார். முடிந்ததும் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தாள். இடது பக்கத்தில் சமமாகப் போன கோடு, பாதி தாண்டியதும் மளமளவென்று கீழே இறங்கியது.

அண்ணன் அதைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார். "ரெண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல சத்தம் அம்புட்டும் விழுந்துருச்சே! டிரான்ஸ்ஃபார்மர இறுக்கிச் சுத்துன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"சார், இது உங்க காது" என்றாள் கார்த்திகா.

"அம்புட்டுமா?" என்று கேட்டார் அண்ணன். நான் வேறு திசையில் பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகா இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னக் கருவிகளை மாட்டி, கணினியில் ஏதோ மாற்றினாள். "இது நல்லா கேக்குதா சார், இல்ல முன்னாடி வச்சதா? நிதானமா யோசிச்சே..."

"ரெண்டாவது" என்றார் அண்ணன். அவள் வாயை மூடக்கூட இல்லை. மூன்று வருடம், நாலு வால்வு, எட்டு டிரான்ஸ்ஃபார்மர் பார்த்தவன் நான். அந்த வேகத்தை இதற்கு முன் அவர் கடையில் லென்ஸ் மாற்றும்போது மட்டுமே கண்டிருக்கிறேன்.

அந்தக் கருவிகளோடு திரும்பும்போது பேருந்தில் அவர் நிலைகொள்ளவில்லை. நடத்துநரின் பையில் சில்லறை குலுங்கினால் திரும்பினார். பின் இருக்கையில் ஒருவர் பிளாஸ்டிக் பையிலிருந்து மிக்சர் எடுத்தபோது, ஏதோ உடைகிறது என்று எழுந்தேவிட்டார். இறங்கி நடக்கையில் நின்று குனிந்து பார்த்தார். "தவசி, என் செருப்பு கத்துது. எப்பருந்து?"

"ரொம்ப நாளாண்ணே."

"ஒருத்தனும் சொல்லலியே!" என்று என்னைக் குற்றவாளியாகப் பார்த்தார். இந்த ஒரு விஷயத்தில் நான் மறுபேச்சு பேச முடியாது.

வீட்டில் பலகையில் இன்னும் குட்டைதான் இருந்தது. சுவிட்சைப் போட்டு, அது ஆரஞ்சாகக் கனியும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு ஆரம்பித்தது. அண்ணன் கண்ணை மூடினார். வயலின்கள் நின்றன. விரல் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரல் நாலு தடவையும் அசைந்தது.

நான் அழவில்லை. மூக்கில் வார்னிஷ் நெடி ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் உடனே பயம் பிடித்துக்கொண்டது. இனி மற்ற மூன்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்கலாம் என்பாரோ? "முந்நூறையும் ஒருக்கா பாத்துருவோமாண்ணே?" என்று என் வாயே எனக்கு எதிரியாகக் கேட்டுவிட்டது.

"எதுக்கு? இதான். குட்டைக்கு ஓட்டையப் போடு" என்றார். உள்ளே பார்த்து, "நூரு, அந்தப் பெட்டியக் கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

அடுப்படியில் வெங்காயம் கொட்டும் சத்தம் கேட்டது. பாட்டு நாலாவது சரணத்தில் இருந்தது. அண்ணன் சட்டென்று முகத்தைச் சுளித்து ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினார். "இந்த எடத்துல கொலுசு கெடையாதே. இது எங்கருந்து வருது?"

"அது பாட்டுல வரலண்ணே" என்றேன். மூன்று வருடத்தில் கொலுசு விஷயத்தில் நானாக முன்வந்து சொன்ன முதல் உண்மை.

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். மதினி காலி அலுமினியப் பெட்டியோடு வாசல்படியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். அண்ணன் அவர் காலைப் பார்த்தார்.

"இது எப்பருந்து?"

"என்னது, கொலுசா? ஒங்க மக சப்ரீன் மொதச் சம்பளத்துல வாங்கிக் குடுத்தால்லா. ஆறு வருசமாச்சு. ஒங்க முன்னாடிதானே போட்டுவிட்டா? தெனமும் பாக்கீய!"

"பாத்துருக்கேன்" என்றார் அண்ணன். "சத்தம் போடும்னு தெரியாது."

மதினி பெட்டியில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை ஊதிவிட்டு, "இந்தாங்க" என்று நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு, பலகைப் பக்கம் குனிந்து, வால்யூம் திருகைக் கடைசிவரை இறக்கினார். பாட்டு பாதியில் அடங்கியது.

"என்னங்க, நல்லாத்தானே பாடுது?"

"செத்த நேரம் நட" என்றார்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று மதினி என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுப்படி நோக்கித் திரும்பி நடந்தார். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலைத் தூக்கினார். அது மதினியின் ஒவ்வொரு அடிக்கும் அசைந்தது.